தாம்பாளத்தில் வைத்த கிராபிக்ஸ் கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் மகள் வீட்டு ஷோகேஸில் ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பேப்பரை எடுக்கிறேன்... வைக்கிறேன். வாசலுக்குப் போகிறேன்... திரும்புகிறேன்.

"கால்ல வெந்நிய ஊத்திக்கிட்ட மாரி ஏன் இப்புடி அலையிறீங்க?" என்று மனைவி கேட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டருக்குள் இருக்க வேண்டிய பொருளை ஷோகேஸில் ஏற்றியவனே நான்தான்.

மகள் கயலுக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளை பிரகாஷுக்கு சிமென்ட் ஆலையில் வேலை. மோதிரமா, பைக்கா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கயல் போன் செய்தாள்.

"அப்பா, அவரு கேம் வெளையாடுற கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு போதுமாம். பேர வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன். அதையே வாங்குங்க. உங்க மூளைய உபயோகிக்காதீங்க."

உபயோகித்தேன்.

திருச்சியில் கடைக்காரர் எடுத்து வைத்தது கைக்கு அடக்கமான பெட்டி. உள்ளே கார்டில், சூடு தணிக்க இரண்டே விசிறி. எனக்குப் பகீரென்றது. உடையார்பாளையத்தில் சம்பந்தி வீட்டில் வரிசை வைத்துத்தான் மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். வேட்டி, சேலை, பழம், ஸ்வீட் தட்டுகளுக்கு நடுவே இது கண்ணுக்குத் தெரியுமா? தெருவே வந்து பார்க்குமே!

மேல் தட்டில் ஒரு பெரிய பெட்டி. மூன்று விசிறி, கலர் கலராய் விளக்கு. அதைக் கை காட்டினேன்.

"சார், அவருகிட்ட எஸ்எம்பிஎஸ் எத்தன வாட்டு? கேபினட் என்ன சைஸு?" என்றார் கடைக்காரர். எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி; கேபினட் என்பது எல்லாம் அடங்கும் வெளிக்கூடு.

"எல்லாம் பெருசுதான்."

"ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன். பெட்டியப் பிரிச்சா ரிட்டர்ன் கெடையாது."

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, உங்களுக்கு வைக்கும் சீருக்கு என்ன அளவு என்று கேட்பதா? என் கௌரவம் என்ன ஆவது? இத்தனைக்கும், வாட் என்றால் என்னவென்று கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்.

உடையார்பாளையத்தில், "உள்ள என்னாங்க இருக்கு?" என்று சம்பந்தியம்மா கேட்டதும் பெட்டியை நானே பிரித்தேன். கார்டை எடுத்து, தாம்பாளத்தில் இருந்த பெட்டிமேல் சாய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மாப்பிள்ளை பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்ன எழுத்தைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு, "சூப்பர் மாமா" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போனபோது அந்தக் கார்டு அவர்களுடைய கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில், குங்குமத்தோடு நின்றது. கம்ப்யூட்டர்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. மாப்பிள்ளை கறி எடுக்கக் கடைக்குப் போயிருந்தார். கயலைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

"நொழையலப்பா. நொழைச்சாலும் கரண்டு பத்தாதாம்."

"பழைய கார்ட மாட்டிக்கலாமேம்மா?"

"புதுசு வருதேன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு."

பிறகு அவள் சொன்னதுதான் என்னைத் தைத்தது. மாப்பிள்ளைக்குக் கல்லூரி நண்பர்கள் மூன்று பேர். துபாயில் ஒருவர், சென்னையில் ஒருவர், ஓசூரில் ஒருவர். ஷிப்ட் முடிந்து வந்ததும் நால்வரும் ஒரு அணியாய் விளையாடுவார்களாம். அவருடைய பேச்சு, சிரிப்பு எல்லாம் அதில்தானாம்.

"இப்ப இவரு எடத்துல வேற ஆள சேத்துட்டாங்கப்பா. வேலைக்குப் போறாரு, வராரு, படுத்துக்கறாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"'பொண்ணு வூட்டுல ஒதவாதத வச்சிட்டாங்க'ன்னு எங்க மாமியார் வூட்டுல பேச்சு வருமாம். 'மாமாவுக்கு அசிங்கம், வாயத் தொறக்காத'ன்னுட்டாரு. யாரு வந்தாலும் எடுத்துக் காமிக்கிறாரு."

மாப்பிள்ளை வாங்கி வந்த கறியைச் சாப்பிட்டேன். அவரிடம் எதையும் கேட்காமல் ஊருக்கு, பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டேன். கோழைத்தனம்தான்.

நமக்கெல்லாம் ஏன் இப்படி? யாருக்கு வாங்குகிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் மானம் போகிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மெச்சினால் போதும் என்றிருக்கிறது.

அலைந்து அலைந்து, புதன்கிழமை சம்பந்திக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, நான் வச்ச சீரு தப்பு. கம்ப்யூட்டருல மாட்ட முடியாதத வாங்கிட்டேன். மாப்பிள்ள மேல தப்பில்ல" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"கம்ப்யூட்டரு சாமானா அது? மூணு பர்னர் அடுப்புன்னுல்ல நெனச்சோம்! 'வைக்கிறதுதான் வச்சாரு, நாலு பர்னரா வச்சிருக்கக் கூடாதா'ன்னு எங்க வூட்டுல ஒரே பேச்சு!"

இந்தச் சபைக்காகவா நான் மேல் தட்டைக் கை காட்டினேன்?

மறுநாளே அரியலூர் போனேன். உட்காரக்கூட இல்லை. "மாப்பிள்ளை, தாம்பாளத்துல எடுப்பா தெரியணும்னு வாங்கிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

"அய்யோ, பெரியவங்க நீங்க போயி..." என்று பதறினார்.

"உங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே நீங்க எதையும் மறைக்க வேணாம். சனிக்கெழம திருச்சி போவோம். நீங்க கேட்ட கார்டு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவர் உடனே துபாய் நண்பருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் அலறியது. "டேய், சீக்கிரம் வந்து தொலடா! ஒன் எடத்துல சேத்தவன் எதிரிய உட்டுட்டு எங்களையே சுடுறான்!"

மாப்பிள்ளை சிரித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன். சிரித்த கையோடு, தலையைச் சொறிந்தபடி ஆரம்பித்தார்.

"மாமா... மறைக்க வேணாம்னு சொன்னதால சொல்றேன். கல்யாணத்துக்கு நீங்க குடுத்த கட்டிலு... அதுவும் ரூமு கதவுல நொழையல."

ஹாலில் கட்டில் கிடப்பது காற்றுக்காக என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்!

பீரோவைப் பற்றிக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.