பொங்கல் சீராக ஒரு டெஃபினிட்டிவ் எடிஷன்

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், ஒரு கம்பி ஆலையில். சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவு. எங்களிடம் எட்டு எம்.எம். கம்பி இருக்கிறது, பத்து இருக்கிறது, பன்னிரண்டு இருக்கிறது. பன்னிரண்டு வேண்டும் என்று கேட்டால் பன்னிரண்டைக் கொடுப்போம். டீலக்ஸ் கம்பிக்கும் கோல்டு கம்பிக்கும் என்ன வித்தியாசம் என்று எந்த மேஸ்திரியும் எங்கள் கேட்டில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றதில்லை. வீடியோ கேமை இணையத்தில் விற்கிற புண்ணியவான்களுக்கு இந்தச் சின்ன நேர்மைகூடக் கிடையாது. அவர்களால் எனக்கும் என் அக்காவுக்கும் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மண்டை காய்கிறது.

அக்காவை ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிடுகிற ஒரு குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். கல்யாணமான புதிதில் மாமா ஆசைப்பட்டு ஒரு கேம் கன்சோல் வாங்கினார். ஒரு மாதம் ஆடினார், அப்புறம் மறந்துபோனார். அக்கா எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அங்கிருந்து, நான் இங்கிருந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே காட்டில் இரண்டு சிப்பாய்களாகத் திரிவோம். மூன்று வருடமாக இது தவறியதில்லை.

கேம் பைத்தியம் என்று நினைக்கவேண்டாம். அந்த வீட்டில் அக்காவோடு தனியாகப் பேச வேறு வழியில்லை. போன் செய்தால் அத்தை, அதாவது அக்காவின் மாமியார், "யாரு, தம்பியா? குடு, நானும் ரெண்டு வார்த்த பேசறேன்" என்று வாங்கிக்கொள்வார். மெசேஜ் அனுப்பலாம் என்றால், அக்காவின் போன் அந்த வீட்டில் எல்லார் கையிலும் சுற்றுகிற சாமான். நேரில் போனால் நாற்காலி போட்டு, காபியும் மிக்சரும் கொடுத்து, மொத்தக் குடும்பமும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். அக்கா சமையலறை வாசலில் நின்று அம்மா நன்றாக இருக்கிறாளா என்று கேட்பாள், அவ்வளவுதான். கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். பாசமானவர்கள், அதுதான் பேஜாரு. ஆனால் ஹெட்செட்டை மாட்டிவிட்டால், அது ஏதோ கேம் ஆடுகிறது என்று அறைப்பக்கமே வரமாட்டார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் அக்கா எல்லாவற்றையும் கொட்டுவாள்.

டிசம்பர் கடைசியில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை விஷயத்தைச் சொன்னாள். அக்கா வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தொழிற்பேட்டையிலேயே ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் இருந்தாள். கொஞ்ச நாள் கழித்துப் போகலாம் என்று நிறுத்தியது, நின்றேபோயிற்று. இப்போது அந்த லேப் மேடமே கூப்பிட்டிருக்கிறார். பழைய இடம் காலியாம், கம்பெனி பஸ் ஊத்துக்கோட்டை வரை வருகிறதாம், ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்லவேண்டுமாம். வீட்டில் அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று அடுத்த வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிப்போம் என்றாள். அதுவரை மாமாவிடம் நானாக எதையும் உளறக்கூடாது என்று கண்டிப்பும் வைத்தாள். அவளுடைய வேலைப் பேச்சு எப்போதுமே அடுத்த வாரத்தில்தான் போய் நிற்கும்.

அடுத்த வாரம் கேம் இல்லை. புதுப் பாகம் வந்துவிட்டதால் பழையதன் சர்வரை வருடக் கடைசியோடு மூடிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி என்று ஒரு கும்பிடு வேறு.

பொங்கல் வந்தது. அக்காவுக்குச் சீர் கொண்டுபோகவேண்டும். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை. இந்த முறை புடவை வேண்டாம், புதுப் பாகத்தை வாங்கிக் கொடு என்று அக்கா சொல்லிவிட்டாள். இவ்வளவுதானே என்று கடைப் பக்கத்தைத் திறந்தேன். ஸ்டாண்டர்டு எடிஷன். டீலக்ஸ் எடிஷன். கோல்டு எடிஷன். கம்ப்ளீட் எடிஷன். அல்டிமேட் எடிஷன். எல்லாவற்றுக்கும் மேலே டெஃபினிட்டிவ் எடிஷன். அடப்பாவிகளா! கம்ப்ளீட் என்றால் முழுசு. முழுசுக்கு மேல் இன்னும் இரண்டு எப்படி இருக்கும்? ஒவ்வொன்றின் கீழும் பட்டியல் போட்டிருந்தார்கள். கோல்டில் இருக்கிற ஏதோ ஒன்று கம்ப்ளீட்டில் இல்லை. அல்டிமேட்டில் ஒரு குதிரை உண்டு, ஆனால் சேணம் தனி.

சீர் கொடுக்கிறவனுக்கு இதில் என்ன குழப்பம் என்று நினைத்தேன். கூடப்பிறந்தவளுக்குத் தட்டில் வைப்பது, நமக்கு வாங்குவதைவிட ஒரு படி உசத்தியாக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அம்மா இதை மிரட்டியே பழக்கியிருக்கிறாள். அதனால் அக்காவுக்கு இருப்பதிலேயே உசத்தியான டெஃபினிட்டிவ். எனக்குத் தள்ளுபடியில் கிடந்த ஸ்டாண்டர்டு. கேம் ஒன்றுதானே? கேமைத் திறக்கிற ரகசிய எண் எழுதிய அட்டையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தோம். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த ஞாயிறு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அக்காவைத் தேடினால் ஆளைக் காணோம். நண்பர் வேறு பதிப்பில் இருக்கிறார், சேர முடியாது என்று திரை சொன்னது. துருவிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. டெஃபினிட்டிவ் என்பது அதே கேமைத் திரும்ப முதலிலிருந்து கட்டியதாம். அது தனி உலகம். மற்ற எடிஷன்காரர்கள் எல்லாரும் பழைய கட்டுமானத்தில் கிடக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லை. இதை எங்கே எழுதியிருந்தார்கள் என்கிறீர்களா? பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில். நான் அக்காவுக்கு ஸ்டாண்டர்டே வாங்கியிருந்தால் இந்நேரம் பேசி முடித்திருப்போம். உசத்தியாகக் கொடுத்ததற்குத் தண்டனை.

அட்டையின் எண்ணை இன்னும் போடாதிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்களாம். அக்கா அன்று காலையே போட்டுவிட்டாள். போடாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. சீராகக் கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற குடும்பமா நாம் என்று அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

சரி, நான் மேலே ஏறிக்கொள்கிறேன் என்று டீலக்ஸ் அப்கிரேடு வாங்கினேன். ஒரு தொப்பியும் துப்பாக்கிக்குப் பச்சைப் பெயின்டும் வந்தன. அக்கா வரவில்லை. டெஃபினிட்டிவுக்கு மாறும் அப்கிரேடு ஒன்று இருந்தது, கோல்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். வயிற்றெரிச்சலோடு கோல்டுக்குப் போனால், எனக்கு வந்தது டீலக்ஸிலிருந்து ஏறிய கோல்டாம், அது நேராக வாங்கிய கோல்டு ஆகாதாம். இதைச் சொன்னது வாடிக்கையாளர் உதவிப் பக்கத்தில் இருந்த ஒரு இயந்திரம். என் அனுபவம் அதற்கு ரொம்ப முக்கியம் என்றும் சொன்னது. ஷிப்ட் முடிந்து, கம்பித் தூசியோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டே அதோடு சண்டை போட்டேன். என்ன கத்தினாலும் அதற்கு உறைக்குமா?

இதற்குள் மாதம் முடியப்போகிறது. போனில் கேட்டால் அக்கா, நன்றாக இருக்கிறேன், நீ சாப்பிட்டாயா என்பாள். பக்கத்தில் அத்தையின் இருமல் கேட்கும். அந்த வேலை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் இங்கே தொப்பி வாங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு டெஃபினிட்டிவையே முழுசாக வாங்கினேன். ஒரே கேமை ஒருவன் எத்தனை தடவை வாங்குவான்? சனிக்கிழமை முழுக்க இறங்கியது. ஞாயிறு மதியம், பனி பெய்கிற ஒரு மலையில், அக்காவின் சிப்பாய் என் முன்னால் வந்து நின்றான். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரமில்லை, மாமாவிடம் நான் இன்றைக்கே பேசுகிறேன், எப்படி ஆரம்பிக்கலாம் என்று படபடவென்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்டா" என்றாள்.

என்ன சொன்னாய், யாரிடம் என்றேன்.

"எல்லார்கிட்டயும்தான். புதங்கிழம ராத்திரி சோறு போட்டுக்கினே சொல்லிட்டேன். வேலைக்குப் போறேன், மேடத்துக்கு வரேன்னு சொல்லிட்டேன்னு."

அத்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். இன்னும் அக்காவோடு பேசவில்லையாம். மாமா சாப்பிட்டு முடித்து, மறுநாள் காலையில் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாராம். ஒன்றாம் தேதி சேர்கிறாளாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே கோபமும் வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தில் நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே, இந்தப் பாழாய்ப்போன எடிஷன்காரர்களால்தானே என்று திட்ட ஆரம்பித்தேன். நம்மை மட்டும் ஒழுங்காகக் கோர்த்துவிட்டிருந்தால் முதல் வாரமே பேசி முடித்திருக்கலாம் அக்கா என்றேன்.

அவளுடைய சிப்பாய் துப்பாக்கியைக் கீழே இறக்கினான்.

"நீ கெடச்சிருந்தா வூட்ல சொல்லியே இருக்கமாட்டேன் நைனா" என்றாள். "உன்கிட்ட பொலம்பிட்டு, மனசு லேசாயிடும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு உட்டுருப்பேன். மூணு வருசமா அப்டித்தானே உட்டுக்கினு இருக்கேன். இந்தவாட்டி சொல்றதுக்கு ஆளே இல்ல. உள்ளயே வெச்சிக்கினு தாங்கல, வந்துடுச்சி."

அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, அத்தைக்கு டீ போடவேண்டும் என்று போய்விட்டாள். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அவளுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அவளுடைய சிப்பாய் ஆடாமல் அசையாமல் பனியில் நின்றுகொண்டிருந்தான். அந்தக் கடையைத் திட்டுவதற்கு என்னிடம் இன்னும் எவ்வளவோ மிச்சமிருந்தது. வாய் வரவில்லை.