மருந்து முதலா, சன்னம் முதலா

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் நான் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தமிழில் கேட்டதை ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வழக்காளி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இப்படி நான் சிறையில் இருந்திருக்கிறேன், கடை எரிந்து நடுறோட்டில் நின்றிருக்கிறேன், ஒருமுறை பிள்ளைத்தாய்ச்சியாகக்கூட இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் மனைவி, “இண்டைக்கு நீங்கள் ஆர்?” என்று கேட்பாள்.

ஒரு நவம்பர் காலை வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரவல் கோட்டு; கை நீளமாகி விரல்களை மூடியிருந்தது. பக்கத்தில் அவருடைய லோயர், ஒரு வெள்ளைக்காரப் பெண். எதிரே வழக்கை விசாரிப்பவர்; தீர்ப்பும் அவருடையதே. வழக்கை ஏற்றால், கொழும்பில் லொட்ஜ் அறையொன்றில் காத்திருக்கும் மனைவியையும் மகளையும் இவர் கூப்பிடலாம். மறுத்தால் இவரையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

லோயர் அவருடைய வாக்குமூலத்தை வாசிக்கத் தொடங்கினார். வன்னிக் காட்டோரம் நெல்லுக் கமம். பக்கவருமானத்துக்கு முயல் வேட்டை. வீட்டில் இருந்த இடியன் துவக்கைக் கண்ட இராணுவம் இவரை இயக்கக்காரன் என்று பிடித்துக்கொண்டு போய் அடித்தது. இரண்டாவது வரியிலேயே எனக்குக் கதை பிடிபட்டது. ஆறு மாதத்துக்கு முன் இதே கட்டடத்தில், வேறொரு அறையில், இதே முயல்களை நான் மொழிபெயர்த்திருந்தேன். அந்த மனிதர் உண்மையாகவே வன்னிக்காரர்; சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினார்; வென்றார். அவருக்கும் இவருக்கும் கேஸ் எழுதியவர் ஒருவரேதான், மில்லிக்கனில் தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறவர். வென்ற கதை ராசியான கதை என்று நினைத்திருக்கிறார். சொந்தக்காரர் மாப்பிள்ளைக்கு ராசியான வேட்டியை இரவல் கொடுப்பதுபோல இதையும் கொடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

அதுவரை விசாரிப்பவர் பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். துவக்கு என்றதும் தட்டுவது நின்றது. முன்பக்கமாக மருந்து இடிக்கும் துவக்கா என்று கேட்டார். ஓம் என்றார் இவர். விசாரிப்பவரின் முகம் மலர்ந்தது. தன்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறதாம். பாட்டன் காலத்து முறை. ஒவ்வொரு இலையுதிர் காலமும் நகரத்துக்கு வடக்கே முயலுக்கும் அணிலுக்கும் அதைத்தான் கொண்டுபோகிறாராம். கூட வேலை செய்கிறவர்கள் பைத்தியம் என்கிறார்களாம்.

“நீங்கள் எப்படி நிரப்புவீர்கள்? எதை முதலில் போடுவீர்கள்?”

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆசைப்பட்டுக் கேட்டார். தன் இனத்தான் ஒருவனைக் கண்டுபிடித்த சந்தோசம் அவருக்கு. சந்தேகப்பட்டிருந்தால் லோயராவது இடையில் புகுந்திருப்பார், அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விடை தெரியும். வன்னியில் நான்கு வருடம் படிப்பித்தவன் நான். விடுதியில் பருப்பைத் தவிர வேறு கறி கிடைக்காததால், சனிக்கிழமைகளில் நாங்கள் மூன்று வாத்திமார் முயலுக்குப் போவோம். முதலில் உள்ளங்கை அளவு கருமருந்து. அதன்மேல் தேங்காய்த் தும்பு, கம்பியால் இறுக்கி இடிக்க வேண்டும். பிறகு சன்னம், அதாவது ஈயக் குண்டுகள்; பிறகும் தும்பு. கடைசியில் குதிரைக்குக் கீழே, பொறி தட்டும் கேப்பு. நானே இடித்து, நானே சுட்டு, நானே உரித்தும் இருக்கிறேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

“முதலிலை சன்னத்தைப் போட்டு, அதுக்கு மேலை மருந்தைக் கொட்டிறது.”

சொன்னேன். என் வாயால் சொன்னேன். விசாரிப்பவரின் புருவம் சுருங்கியது. மொழிபெயர்ப்பில் தவறோ என்று மறுபடி கேட்டார். இவர் அதையே இன்னும் உறுதியாகச் சொன்னார். ஒரு நாளில் எத்தனை முயல் என்று கேட்டார். ஒரு கூட்டத்தைக் கண்டால் நின்ற நிலையில் மூன்று நான்கு சுடுவேன் என்றார் இவர். அந்தத் துவக்கால் இரண்டாவது வெடி வைப்பதற்குள் முயல் அடுத்த கிராமத்துக்குப் போய்க் குட்டியும் போட்டுவிடும். அதையும் சொன்னேன்; அதாவது, மூன்று நான்கு என்று சொன்னேன்.

விசாரிப்பவர் பத்து நிமிட இடைவேளை விட்டார். நான் கைகழுவும் அறைக்குப் போனேன். இவர் பின்னாலேயே வந்தார். வேறு யாரும் இல்லை.

“தம்பி, மருந்தோ முதல் போடுறது?”

பத்துச் சொல்லில் விடை முடிந்துவிடும். வழக்காளியோடு தனியே கதைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். சத்தியத்தைப் பெரிதாக மதித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

“என்னோடை கதைக்கக் கூடாது, அண்ணை.”

“ஓம் ஓம். குறை நினையாதேங்கோ” என்றார். கோட்டுக் கை நனையாமல் மடித்துவிட்டு, அவரும் கை கழுவினார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் முதலில் வெளியேறினேன்.

மறுபடி உட்கார்ந்ததும் விசாரிப்பவர் மெதுவாகத்தான் கேட்டார். நீங்கள் எப்போதாவது அந்தத் துவக்கைக் கையில் பிடித்ததுண்டா? லோயர் இப்போது சிரிக்கவில்லை.

“இல்லை” என்றார் இவர். “நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். துவக்கு எனக்குத் தெரியாது.”

பிறகு அவராகவே சொன்னார். மூத்த மகன் மிளகாய் அரைக்க மில்லுக்குப் போனவன். இராணுவச் சென்றியில் மறித்திருக்கிறார்கள். பின்னேரம் இவர் தேடிப்போனபோது சைக்கிள் சென்றி மதிலோடு சாய்ந்து நின்றது, தூள் பை ஹாண்டிலில் தொங்கியது.

“சைக்கிளைத் தந்தவங்கள். பெடியனைத் தரேல்லை. எட்டு மாசம் அவனைக் கேட்டுப் போனனான். கடைசியிலை, இனி வந்தால் உனக்கும் இதுதான் எண்டாங்கள்.”

இதையும் நான் ‘என் மகன்’ என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அப்போது நாலு வயதில் ஒரு மகன் இருந்தான். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார் விசாரிப்பவர்.

“எழுதினவரிட்டை இதைத்தான் முதல் சொன்னனான். இது எல்லாரிட்டையும் இருக்கிற கேஸ், நிக்காது எண்டவர்.”

விசாரிப்பவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். கெட்ட மனிதரல்ல, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். சத்தியம் செய்துவிட்டு ஒரு கதை சொன்னீர்கள், அது பொய். இப்போது இன்னொன்று சொல்கிறீர்கள். இது உண்மை என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அவர் கேட்டதை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னேன்.

இவர் அவரைப் பார்க்கவில்லை. லோயரையும் பார்க்கவில்லை. நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் சொல்லுங்கோ இவருக்கு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது என்ன என்று விசாரிப்பவர் கேட்டார். தம்பி, உங்களுக்குத் தெரியும்தானே, நீங்கள் சொல்லுங்கள் இவருக்கு என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது உண்மை என்று நான் நம்பியதை மட்டும் கூட்டவில்லை.