பாதி கடித்த ஜாங்கிரி

கல்யாண மண்டபத்துக் கழிப்பறைகளைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் தாம்பரம் வட்டாரத்தில் யாரும் இருக்க முடியாது. ஈரத் தரை, தாழ்ப்பாள் விழாத கதவு, எவரோ துப்பிவிட்டுப் போன வெற்றிலை. அதற்குள் நின்று, பட்டுப்புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வேன். எனக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே டைப் ஒன் சர்க்கரை. சாப்பிட வேண்டுமானால் முதலில் ஊசி போட வேண்டும். போட்டுவிட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை மளமளவென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். அதைக் கழிப்பறையில்தான் போட வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அது அம்மா போட்ட சட்டம். நாலு பேர் பார்த்துவிட்டால் எனக்குக் கல்யாணம் நடக்காதாம். கருமம்!

அன்றைக்கு அம்மாவுடன் வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக் கல்யாணம். கீழ்க்கட்டளையிலிருந்து கிளம்பும்போது என் பெரிய பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, கைக்குட்டை அளவில் ஒரு ஜரிகைப் பர்ஸைக் கொடுத்தாள். ஊசிப் பேனா மட்டும் உள்ளே போனது. அவசரத்துக்கு வைத்திருக்கும் குளுக்கோஸ் வீட்டிலேயே கிடந்தது. ஆட்டோவில் பாதி வழி போனபிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். வண்டலூர் பையன் ஒருவனின் அம்மா கல்யாணத்துக்கு வருகிறார், என்னைச் சும்மா பார்ப்பார் என்று. சும்மாவாம்! கத்திரிக்காயை அழுத்திப் பார்க்கிற மாதிரி.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தியில் இடம் பிடிப்பதென்றால், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, மனுஷர் எப்போது மோர்சாதத்துக்கு வருவார் என்று அவர் இலையையே முறைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அசிங்கத்தை அம்மா செய்து இடம் பிடித்தாள். நான் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இலையில் தண்ணீர் தெளித்தேன். அதற்குள் பச்சைப் பட்டு கட்டிய ஒரு அம்மாள் உள்ளே வர, என் அம்மா என் தோளைத் தட்டினாள்.

"எழுந்திரு. அவங்கதான். உட்காரட்டும்."

ஊசி போட்டாகிவிட்டது என்று அவள் காதில் சொன்னேன். அடுத்த பந்தியில் சாப்பிட்டுக்கொள்ளலாம், முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள் என்றாள்.

நின்றேன். அந்த அம்மாள் ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டே என் வேலையைப் பற்றிக் கேட்டார், சமைப்பேனா என்று கேட்டார். எனக்கு முதுகில் வியர்வை ஓடியது. உதடு மரத்துப்போனது. கை ஆட ஆரம்பித்தது. ஒரு வாய் பாயசம் வாங்கித் தா என்று அம்மாவிடம் கெஞ்சினேன். சும்மா இரு என்பதுபோல் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே பிடித்திருந்தாள், அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கண் இருட்டியது. இலையின் ஓரத்தில் அந்த அம்மாள் பாதி கடித்து வைத்த ஜாங்கிரி ஒன்றுதான் தெரிந்தது. கையை உதறிவிட்டு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

எதிர்வரிசையில் அப்பளம் நொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவரின் எச்சில், எனக்குக் கொஞ்சம்கூடக் குமட்டவில்லை. அம்மா பேசியதைக் கேட்டபிறகுதான் குமட்டியது.

"சின்ன வயசுலேர்ந்தே இவளுக்கு ஸ்வீட்னா உசுரு, தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த அம்மாள் சிரித்தார். கூச்சப்படாமல் சாப்பிடுகிற பெண்தான் வேண்டும் என்று சொல்லி, தன் பாயசக் கப்பையும் என் கையில் கொடுத்தார். நல்ல மனுஷிதான். மடமடவென்று குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பேசுகிறோம் என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு!

கை ஆட்டம் நின்றதும் நானே சொன்னேன். "ஆன்ட்டி, எனக்கு சுகர் இருக்கு. டெய்லி இன்சுலின் போட்டுக்கறேன். போட்டுட்டு சாப்பாடு லேட்டாச்சு, அதான் உங்க இலையில கை வெச்சேன்."

ரசம் சாதத்தில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. மோர் வரக்கூடக் காத்திருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார். காலியான நாற்காலியில் நான் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். அம்மா சாப்பிடவில்லை.

திரும்பும்போது ஆட்டோ பல்லாவரம் தாண்டியது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் அங்கயே மயங்கி விழுந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

"பொண்ணு விரதம்னு சொல்லியிருப்பேன்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.