எண் பொருந்திய துவக்கு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மகள் இப்போதுதான் உறங்கினாள். ராசன் அண்ணையோடு வேட்டைக்குப் போன உங்கள் எல்லோருக்கும் இது ஒரே கடிதம்.

போன செவ்வாய் அண்ணையின் மனைவி மலர் அக்கா கீழ்வீட்டிலிருந்து போன் எடுத்து, "அண்ணை எழும்புறாரில்லை, ஓடி வாம்மா" என்றார். நான் இறங்கிப் போனபோது அண்ணை கதிரையில் இருந்தபடியே போய்விட்டிருந்தார்.

ஜெர்மனியில் இத்தனை வருடம் இருந்தும் டொச் மொழியில் போன் கதைக்க அவருக்குக் கூச்சம். பழைய இராணுவத் துவக்குகள் விற்பவர்களோடு அவருக்காக நான்தான் பேசுவேன். சேகரிப்பவர்கள் குழலிலும், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டிலும் ஒரே எண் உள்ளதைத் தேட, அண்ணை பொருந்தாததையே கேட்கச் சொல்வார். "அதுதான் மலிவு. மானுக்கு நம்பர் வாசிக்கத் தெரியாது, பிள்ளை." மரப்பிடியை வெட்டிக் குறைத்து, தொலைநோக்கி பூட்டி, அதை வேட்டைக்கு ஆக்குவார். போல்ட் சிக்கிச் சிக்கி உள்ளே போகும் சத்தம் மேலே நான் சமைக்கும் குசினி வரை கேட்கும்.

மகள் பிறந்ததும் நான் பயந்தேன். துவக்குகள் ஒரு பெட்டியிலும் போல்ட்டுகள் இன்னொன்றிலும் பூட்டியிருப்பதைக் காட்டினார். "போல்ட் இல்லாட்டி இது வெறும் தடி. தடிக்கு ஏன் பயப்படுறாய்?"

போன மாதம் கார்ல்ஸ்ரூஹேயில் ஒருவரிடம் பேரம் பேசி மூன்று போல்ட்டுகள் எடுத்துக் கொடுத்தேன். அவற்றில் ஒன்றின் எண்ணை அண்ணை வாசித்தார். பதினொரு வருடமாக அவரிடமிருந்த துவக்கின் குழலில் அதே எண்ணை நான் வாசித்தேன். செருகிப் பார்த்தார். சிக்கவில்லை. சத்தமே வரவில்லை. உடனே கழற்றிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இனி நல்ல விலை போகுமே, அண்ணை?"

"ஆரும் தேடேல்லை, தானா வந்திருக்கு. சேத்து வைச்சா, முந்தி என்ன செய்ததெண்டு அதுகளுக்கு ஞாபகம் வந்திடும். இந்த வீட்டில வைக்க ஏலாது."

அடுத்த வேட்டையில் அந்தப் போல்ட்டை உங்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். யாரென்று நான் கேட்கவில்லை.

நேற்று, எல்லாவற்றையும் பொறுப்பேற்கப்போகும் துவக்குக் கடைக்காரர் கணக்கெடுக்க வந்தார். பெட்டியின் இரகசிய இலக்கம் அண்ணை ஒட்டிவைத்த உறைக்குள் இருந்தது. உறையைக் கடைக்காரரே கிழித்துத் திறந்தார். கொடுத்துவிட்டதாகச் சொன்ன அந்தப் போல்ட், அதே எண் துவக்கிலேயே செருகியிருந்தது. "அண்ணை அப்பிடி விடமாட்டாரே" என்று அக்கா என் கையைப் பிடித்தார். கடைக்காரர் அதைக் கழற்றி மற்றப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை வந்து எடுப்பார். சேர்த்து விற்பதா, பிரித்தா என்று அதற்குள் அக்காவுக்காக நான் அவருக்குச் சொல்ல வேண்டும். அதுவரை இரண்டும் கீழ்வீட்டில், என் மகளின் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கின்றன.

மானைப் பற்றிய அந்தப் பகிடி என்னோடு இருக்கும். சேர்த்து வைக்காதே என்று அவர் சொன்னதும் இருக்கும்.

உங்களில் யார் அந்தப் போல்ட்டை வாங்கினீர்கள்? அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தீர்களா? தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.