வழுவழுப்பான பிடி

என் தம்பி ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு டிரைவர். படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் வலை சிக்கிக்கொண்டால், மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இறங்கி அறுத்துவிட வேண்டியது அவன்தான். அவன் கடலுக்குப் போன நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அவன் கத்தியை அடிப்பதும் நாங்கள்தான். எங்கள் இரும்புப் பட்டறையில் என் வீட்டுக்காரர் இடுக்கி பிடிப்பார், நான் சம்மட்டி போடுவேன்.

லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, பழுக்கக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுப்போம். கத்தியின் வாலை மறுபடி சிவக்கச் சுட்டுப் பிடிக்கான பூவரசங்கட்டைக்குள் இறக்கும்போது புகை கண்ணைக் கரிக்கும். கட்டை பிளக்காமல் இருக்க அதன் வாயில் பூண் வளையம் மாட்டுவோம். கடைசி வேலை என்னுடையது. கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்ணெய் தடவி, பிடியைக் குழந்தையின் கன்னம் போல ஆக்கிவிடுவேன். எங்களிடம் கத்தி வாங்கி விறகு வெட்டுகிறவர்களுக்குக் கை கொப்புளம் போடக் கூடாதே. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன வாரம் தம்பி வெறுங்கையோடு வந்தான்.

"கத்தி எங்கடா?"

"கடல்லக்கா. பிடி வழுக்கிருச்சு. தொழாவித் தொழாவிப் பாத்தேன், மூச்சு முட்டிருச்சு. மேல வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டீசலும் மீன் கவிச்சியுமாக இருக்கிற ஈரக் கைக்கு, விறகுக் கத்தி போல எண்ணெய் பூசிக் கொடுத்திருக்கிறேன். இதில் திமிர் வேறு ஒரு கேடு!

புதுக் கத்தியின் பிடியை நான் இழைக்கவே இல்லை. அரத்தால் குறுக்கே வரிவரியாகக் கீறினேன். அப்படியும் பயம் தெளியவில்லை. அவனே ஒரு வழி சொன்னான்.

"பிடியில ஒரு ஓட்டை போட்டுக் குடுக்கா. நைலான் கயிறக் கோத்து மணிக்கட்டுல மாட்டிக்கிறேன்."

போட்டுக் கொடுத்தேன். சுருக்கு வைத்து மாட்டிக்கொண்டான். என் வீட்டுக்காரர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"மாப்ள, இந்தக் கயிறும் வலையோட சேந்து விசிறியில மாட்டுனா?"

நான் தம்பிக்குத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன்.

"கைய நனச்சுக்க. கண்ண மூடு. மூச்ச அடக்கு. இப்பக் கழட்டு."

விசிறி இழுப்பது போலக் கத்தியைப் பிடித்து நான் இழுத்தேன். சுருக்கு இறுகியது. இன்னொரு கையால் முடிச்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. தரையில்தான் நிற்கிறான், வாயைத் திறந்தால் காற்று. அது தெரிந்தும் பொறுக்க முடியாமல் கத்தியைத் திருப்பிக் கயிற்றை அறுத்துவிட்டேன்.

"கத்தி கையவிட்டுப் போனாப் போகுதுடா," என்றேன். "தேடாத. மேல வந்துரு. நான் இன்னொண்ணு அடிச்சுத் தாரேன்."