மூன்று கட்டங்களில் நடுவில் இருந்தவள்

அமெரிக்காவில் டுலூத் நகரப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வெர்னா கோஸ்கெலா இருபத்தொன்பது வருஷம் பரிமாறினாள். பிள்ளைகள் தட்டைப் பார்ப்பார்கள், கரண்டியைப் பார்ப்பார்கள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஓய்வுபெற்று, கணவனும் போய்ச் சேர்ந்த பிறகு, மினியாபொலிஸ் விளம்பரக்காரர்கள் தேவாலயத்துக் காப்பிக் கூட்டத்தில் அவளைப் பார்த்துவிட்டுக் கூட்டிப் போனார்கள். பல்செட் ஒட்டும் பசைக்கு விளம்பரம். ஆப்பிளை நறுக்கென்று கடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். சிரித்தாள்.

இணையத் தொலைக்காட்சியில் தொடர் பாதியில் நிற்கும்; திரையில் மூன்று கட்டங்கள் வரும்; எந்த விளம்பரம் பார்க்க விருப்பம் என்று கேட்கும். எதுவும் வேண்டாம் என்பதற்குக் கட்டம் கிடையாது. ஒரு பக்கம் பிக்கப் வண்டி, மறுபக்கம் பீட்சா, நடுவில் வெர்னா.

"நெறைய பேர் உங்களத் தேர்ந்தெடுத்தா அடுத்த வருஷமும் நீங்கதான், மேடம்" என்றாள் விளம்பரக்காரப் பெண். அதற்கப்புறம் வெர்னாவுக்கு வேறு நினைப்பில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள்.

"கவலைய விடு அக்கா. நம்ம வீட்ல இனிமே வண்டியும் கெடையாது, பீட்சாவும் கெடையாது" என்றான் தம்பி வெண்டல். தேவாலயத்துப் பெண்களும் நடுக்கட்டத்தையே அமுக்கினார்கள்.

அமுக்குகிறவர்களைத் தொலைக்காட்சியும் கவனித்துக்கொண்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பசை கேட்ட வீடுகளுக்குக் காதுக்கருவி விளம்பரம் வந்தது. பெரியவர்களுக்கான டயப்பர் வந்தது. சவ அடக்கக் காப்பீடு வந்தது.

"ஏண்டி வெர்னா, எனக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல்லு. எங்க வீட்டு டிவி மட்டும் எனக்குச் சவப்பொட்டி பாத்துக்கிட்டிருக்கு!" என்றாள் சிநேகிதி ஆர்டிஸ். காப்பிக் கூட்டமே சிரித்தது. வெர்னாவும் சிரித்தாள். ஒவ்வொரு வீடாக அமுக்குவதை நிறுத்தியது.

நவம்பரில் மினியாபொலிஸிலிருந்து போன் வந்தது. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறதாம்; வருஷக் கடைசியில் முடிவு செய்வார்களாம்.

தம்பி வீடாவது இருக்கிறதே என்றுதான் நன்றி நாள் பண்டிகை விருந்துக்குப் போனாள். வான்கோழி சாப்பிட்டு முடிந்ததும் தம்பி மனைவி மார்லிஸ் ஒரு கொலைத் தொடரைப் போட்டாள். வெர்னா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள். கொலை நடந்தது, போலீஸ் வந்தது, வழக்கு நடந்தது. எங்கேயும் நிற்கவில்லை. அடுத்த பகுதியும் தொடங்கிவிட்டது.

"விளம்பரமே வரலையே, மார்லிஸ்?"

மார்லிஸ் கணவனைப் பார்த்தாள். "மாசம் கொஞ்சம் கூடக் கட்டினா விளம்பரம் வராது அக்கா" என்றான் வெண்டல். "போன மாசந்தான் மாத்தினோம்."

"என்கிட்ட சொல்லல."

"எப்பிடிச் சொல்றது? எந்நேரமும் சவப்பொட்டி. எங்க பொண்ணு மாப்பிள்ள முன்னாடி மானம் போச்சு" என்றான் அவன்.

"வண்டிய அமுக்கித் தொலச்சிருக்கலாமே?"

"உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வேறத அமுக்க மனசு வரல அக்கா."

"அதுக்குப் பணம் கட்டி என்னய வெளிய அனுப்பிட்டீங்க."

மார்லிஸ் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"அப்ப அடுத்த வருஷம் நான் இல்ல" என்றாள் வெர்னா.

"அதுக்கென்ன, விடு" என்றான் வெண்டல். "உன் வீட்டுக்கும் இதையே போட்டுத் தர்றேன். விளம்பரத் தொல்லையே இருக்காது."

நல்ல மனசோடுதான் சொன்னான். வெர்னா கோட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.