கண்ணிகளைக் குறைத்துப் போட்ட ஸ்வெட்டர்

"அண்ணிக்குப் பேட்டர்ன் பேப்பர் இல்லாட்டி பின்னல் ஊசி நகராது" என்று அரிமளத்துக் கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் என் சின்ன நாத்தனார் சிரித்தாள். அன்றிரவே டைரியில் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

கார்த்திகையில் அவள் கனடாவிலிருக்கும் மகளிடம் போகக் கிளம்பினாள். பேட்டர்ன் இல்லாமலே அவளுக்கு ஸ்வெட்டர் பின்னினேன். சடை போன்ற கேபிள் முறுக்குகள் அகலத்தைச் சுருக்கும்; அதற்காக ஊசியில் கூடுதல் கண்ணிகள் போட வேண்டும். தெரிந்தே போடவில்லை.

வழியனுப்ப வந்தவர்கள் முன்னால் போட்டுப் பார்த்தாள். தோளிலேயே சிக்கிக்கொண்டது. எல்லோரும் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"நாந்தான் பெருத்துட்டேன் அண்ணி. எம்புட்டு அழகா பின்னியிருக்கீங்க! மெலிஞ்சிட்டுப் போட்டுக்கிறேன்" என்று மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஜெயித்ததை எழுத டைரியைத் திறந்து அன்றைய தேதியைப் போட்டேன். அந்தப் பக்கத்தில் இன்றும் தேதி மட்டுமே இருக்கிறது.